பழைய மென்பொருள் பெட்டியில் இருந்த முகத்தைத் தேடி ஓர் ஆவணப்படம்: எங்கே தொடங்குவது?

நாடாச்சுருள் (கேள்வி)

வணக்கம். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் விற்ற ஒரு கல்வி மென்பொருள். பெட்டியின் மேல் ஒரு பெண்ணின் படம், திரையில் பாடம் நடத்துவதும் அதே முகம். அவர் பெயர் எங்கும் இல்லை, புகைப்படக்காரரின் பெயரும் இல்லை. அந்த முகம் எப்படிப் பெட்டிக்கு வந்தது, நிறுவனம் கைமாறக் கைமாற அதற்கு என்ன ஆனது என்று தேடிப் போகும் ஆவணப்படம் இது. சுமார் 50 நிமிடம், மூன்று பேர் கொண்ட குழு, வெளியார் பணம் இல்லை. அவர் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் மென்பொருளின் பெயரை இங்கே சொல்லவில்லை. தட்டச்சு கற்றுத்தரும், கற்பனை ஆசிரியைக்கு ஒரு மாடலின் முகத்தைக் கொடுத்த ‘மேவிஸ் பீக்கன்’ வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பவை: பெட்டி, கையேடு, 5.25 அங்குல ஃபிளாப்பி இரண்டு, 3.5 அங்குல ஃபிளாப்பி ஒன்று.

தேடலை எதிலிருந்து தொடங்குவது? ஃபிளாப்பிகளைக் கெடுக்காமல் எப்படிப் படிப்பது? பழைய மானிட்டரைப் படமெடுத்தால் கறுப்புப் பட்டை ஓடுகிறதே, என்ன செய்வது? முகத்தை வைத்துத் தேடித்தரும் இணையத் தளங்களில் அந்தப் படத்தைப் போடலாமா? பெட்டியைப் படத்தில் காட்ட யாருடைய அனுமதி வேண்டும்? அவர் வெளியே வர விரும்பாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விடை தெரிந்துகொண்டே தொடங்க விரும்புகிறோம்.

காகிதத்தடம்

ஆளைத் தேடாதீர்கள், படத்தைத் தேடுங்கள். ஒரு மாடலின் படம் பெட்டிக்கு வருவதற்குள் ஏஜென்சி, புகைப்படக்காரர், பெட்டியை வடிவமைத்த ஸ்டுடியோ, விளம்பர நிறுவனம், வெளியீட்டாளர் என்று பல கைகள் மாறும். மாடலைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பெயரை எங்காவது அச்சில் விட்டுச் சென்றிருப்பார்கள்.

முதல் வேலை, பெட்டியின் எல்லாப் பதிப்புகளையும் சேர்ப்பது. ஐபிஎம் பிசி, ஆப்பிள் II, காமடோர் 64, மேக் என்று ஒரே மென்பொருள் தனித்தனிப் பெட்டியில் வந்திருக்கும். ஒன்றில் விடுபட்ட பெயர் இன்னொன்றின் அடிமடிப்பில் இருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கத்தையும் பதிவு அட்டையையும் விடாதீர்கள். வட்டைப் படியெடுத்த பிறகு கோப்புகளுக்குள் படிக்கக்கூடிய எழுத்துத் தொடர்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். திரையில் ஒருபோதும் தோன்றாத பணியாளர் பெயர்கள் அங்கே அகப்படுவது உண்டு.

அடுத்தது விளம்பரங்கள். பைட், கம்ப்யூட், இன்ஃபோவேர்ல்ட், பிசி மேகசின் இதழ்களின் பழைய பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கூகிள் புக்ஸிலும் இருக்கின்றன. தேடுபெட்டியை மட்டும் நம்பாதீர்கள். வண்ணப் பின்னணியில் அச்சான விளம்பர எழுத்துகளை படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் பெரும்பாலும் தவறவிடும். பண்டிகை விற்பனைக் காலமான செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான இதழ்களை முதலில் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அதே உடையில் வேறு கோணத்துப் படம் கிடைத்தால் பெரும்பாலும் ஒரே நாள் படப்பிடிப்பு. உடை வேறு என்றால் அவரை மறுபடியும் அழைத்திருக்கலாம், அப்படியென்றால் இரண்டாவது ஒப்பந்தம் ஒன்றும் இருந்திருக்கலாம்.

அரசுப் பதிவுகளில் இரண்டு இடம் முக்கியம். அமெரிக்கக் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தின் இணையப் பட்டியல் 1978 முதல் இருக்கிறது. மென்பொருள் ‘டிஎக்ஸ்’ எண்ணிலும், படமும் வடிவமைப்பும் ‘விஏ’ எண்ணிலும் பதிவாகும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெட்டிப் படத்தைத் தனியாகப் பதிந்திருந்தால் புகைப்படக்காரர் பெயர் இரண்டாவதில்தான் கிடைக்கும். மற்றது வணிகச்சின்னக் கோப்பு. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சின்னமாகப் பதிய அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்க வணிகச்சின்னச் சட்டத்தின் 2(சி) பிரிவு சொல்கிறது. ஆகவே முகம் சின்னத்தின் பகுதியாக இருந்தால், கோப்பில் சம்மதக் கடிதம் இருக்க வேண்டும், அல்லது ‘இது உயிருள்ள எவரையும் குறிக்கவில்லை’ என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். ஓர் உண்மையான பெண்ணின் முகத்துக்கு நிறுவனம் இரண்டாவதை எழுதிக்கொடுத்திருந்தால், உங்கள் படத்தின் நடுப்புள்ளி அதுதான். மாதிரியாகக் கொடுத்த பெட்டியும் முதல் பயன்பாட்டுத் தேதியும் அதே கோப்பில் இருக்கும்.

உரிமையாளர் சங்கிலியையும் வரைந்துகொள்ளுங்கள். மேவிஸ் பீக்கனையே பாருங்கள்: 1987-ல் சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ் வெளியிட்டது, 1994-ல் பியர்சன் வாங்கியதும் நிறுவனம் மைண்ட்ஸ்கேப் ஆனது, 1998-ல் லேர்னிங் கம்பெனி, 1999-ல் மேட்டல், பிறகு ரிவர்டீப். ஒவ்வொரு விற்பனையிலும் சொத்துப்பட்டியல் எழுதப்படும், அதில் பட உரிமைகளும் ஏறும் அல்லது விடுபடும். 1996 மே முதல் அமெரிக்கப் பொதுப் பங்கு நிறுவனங்கள் எல்லாம் ஆவணங்களை பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் மின்வடிவில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

பேட்டிக்கு நிறுவனரிடம் முதலில் போகாதீர்கள். கலை இயக்குநரையும் அச்சு வேலையைப் பார்த்த தயாரிப்பு மேலாளரையும் தேடுங்கள், ரசீது அவர்கள் கையில்தான் போனது. மேவிஸ் பீக்கன் முகத்தை ஒரு கடையின் வாசனைத் திரவிய விற்பனைப் பகுதியில் கண்டெடுத்ததாக ஊர் முழுக்கச் சொல்லும் கதை நிறுவனத்தார் சொன்ன கதை. அதில் பிழை இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு தரப்பு மட்டும் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னதை மறுதரப்பு இல்லாமல் உண்மை என்று குரல்பதிவில் ஏற்றிவிடாதீர்கள்.

வட்டுக்காவல்

ஃபிளாப்பியை இப்போதைக்கு எந்த டிரைவிலும் போட வேண்டாம். 5.25 அங்குல வட்டின் நீள்துளை வழியே பார்த்துக்கொண்டே நடுவளையத்தை விரலால் மெல்லச் சுற்றுங்கள். வட்டமான கீறல் தெரிந்தால் அந்தத் தடம் போயிற்று. சாம்பல் அல்லது வெள்ளைப் புள்ளி என்றால் பூஞ்சை. அது டிரைவின் வாசிக்கும் தலையில் ஒட்டி, இந்த வட்டையும் சுரண்டும், அடுத்துப் போடும் நல்ல வட்டையும் சுரண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நார் உதிராத பஞ்சுக்குச்சியில் தொட்டு, அழுத்தாமல் துடைத்து, முழுக்க உலர விடுங்கள். ஒவ்வொரு வட்டுக்குப் பிறகும் டிரைவின் தலையையும் துடையுங்கள்.

எழுதாமல் தடுப்பதில் இரண்டும் நேரெதிர். 5.25 அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை மூடினால் பாதுகாப்பு; 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு. வெட்டை மூட ஒளி புகாத நாடாவையே ஒட்டுங்கள். பல டிரைவ்கள் அந்த வெட்டை ஒளியால்தான் உணர்கின்றன, கண்ணாடி நாடா ஒட்டினால் மூடியதாகவே அவற்றுக்குத் தெரியாது.

சாதாரண பிசி வட்டு என்றால் 5.25 அங்குலத்தில் 2 பக்கம், 40 தடம், தடத்துக்கு 9 செக்டர் (தடத்தின் சிறு துண்டு), ஒவ்வொன்றும் 512 பைட்: படியெடுத்த கோப்பு சரியாக 368,640 பைட் இருக்க வேண்டும். 3.5 அங்குல 720 கேபி வட்டில் 80 தடம், 737,280 பைட். ஒரு பைட் குறைந்தாலும் அதை முழுப் படி என்று எண்ணாதீர்கள். 1.2 எம்பி டிரைவில் 360 கேபி வட்டைப் படிக்கலாம், ஆனால் அது நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றும், தலையும் தடத்துக்குத் தடம் இரண்டிரண்டு அடியாக நகர வேண்டும். மென்பொருளில் இந்த இரண்டையும் சொல்லாவிட்டால் குப்பைதான் வரும். அதில் எழுத மட்டும் கூடாது. அதன் தலை குறுகியது, பழைய தடத்தின் ஓரங்களை அழிக்காமல் விட்டு, பிறகு 360 கேபி டிரைவால் சரியாகப் படிக்க முடியாதபடி ஆக்கிவிடும்.

செக்டர் படியோடு நிறுத்தாமல், காந்த மாற்றங்களையே பதிவு செய்யும் கிரீஸ்வீசல் அல்லது கிரையோஃப்ளக்ஸ் பலகையில் ஒரு பதிவு எடுங்கள், தடத்துக்கு ஐந்து சுற்று. அந்தக் கால நகல்தடுப்பு முறைகள் செக்டர் படியில் காணாமல் போகும், இதில் நிற்கும். ஆப்பிள் II, காமடோர் வட்டுகள் ஜிசிஆர் என்ற வேறு பதிவு முறையில் இருப்பதால் பிசியின் வழக்கமான கண்ட்ரோலர் அவற்றைப் படிக்காது, இந்தப் பலகைகள் படிக்கும். திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தைப் பயன்படுத்திய வட்டு என்றால் கவனம்: அடையாளத் துளை மறுபுறம் போய்விடும், துடிப்புக்காகக் காத்திருக்கும் டிரைவ் ஒன்றுமே வாசிக்காமல் நிற்கும்.

படியெடுத்த உடனே, கோப்பு மாறியதா என்று பின்னால் காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுக் குறித்துவையுங்கள். மூலக் கோப்பைப் பூட்டிவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

இன்னொன்று. டைப்பிங், கணக்குப் பாட மென்பொருள்கள் மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அதே வட்டில் சேமிக்கும். பழைய சந்தையில் வாங்கிய வட்டில் யாரோ ஒரு குழந்தையின் பெயர் இருக்கக்கூடும். கேமரா ஓடும்போது புதிய பயனர் கணக்கில் தொடங்குங்கள்.

மூன்றாம்கண்

பட்டை பற்றி. குழாய் மானிட்டர் நொடிக்கு இத்தனை முறை என்று மேலிருந்து கீழாகத் திரையை வரைகிறது. உங்கள் ஷட்டர் ஒரு முழு வரைவுக்குக் குறைவாகத் திறந்தால் கறுப்புப் பட்டை, கூடுதலாகத் திறந்தால் வெள்ளைப் பட்டை. ஷட்டர் நேரமும் ஒரு வரைவின் நேரமும் ஒன்றானால் பட்டை மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும்.

23.976 ஃபிரேமில் எடுத்தால், 59.94 ஹெர்ட்ஸ் திரைக்கு ஷட்டர் கோணம் (ஒரு ஃபிரேம் நேரத்தை 360 பாகையாக வைத்து, அதில் ஷட்டர் திறந்திருக்கும் பங்கு) சரியாக 144 பாகை. 25 ஃபிரேமில், 60 ஹெர்ட்ஸுக்கு 150 பாகை. பலர் இடறுவது பிசியின் விஜிஏ திரைமுறையில். 640x480 முறையில் அது 60-ஐ ஒட்டி ஓடும், ஆனால் டாஸ் எழுத்துத்திரையும் 320x200 முறையும் 70 ஹெர்ட்ஸ். 23.976 ஃபிரேமுக்கு அங்கே சுமார் 123 பாகை வேண்டும். மெனுவில் சரியாக இருந்த ஷாட் பாடம் தொடங்கியதும் பட்டை போடுவது இதனால்தான். கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் கிளியர் ஸ்கேன் அல்லது சிங்க்ரோ ஸ்கேன் இருந்தால் பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் அளவில் நகர்த்திக் கோட்டை நிறுத்துங்கள். அறை விளக்கை மங்கலாக்குங்கள், கண்ணாடியில் கேமராவின் நிழல் விழக்கூடாது.

பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளான எமுலேட்டரில் எடுத்த திரைப்பதிவையும் பயன்படுத்துவீர்கள். அங்கேதான் மன்னிக்க முடியாத தவறு நடக்கிறது. 320x200 படம் 4:3 திரைக்காக வரைந்தது, அதன் புள்ளிகள் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமானவை. அப்படியே பெரிதாக்கினால் முகம் சப்பையாகிவிடும். அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் ஆக்கி 1600x1200-ல் வெளியிடுங்கள், மென்மையாக்கும் வடிகட்டி எதுவும் வேண்டாம். ஒரு பெண்ணின் முகத்தை நிறுவனம் எப்படிக் கையாண்டது என்று கேட்கும் படம், அந்த முகத்தின் அளவையாவது மாற்றாமல் காட்ட வேண்டும். நான்கு வண்ண சிஜிஏவில் அதே முகத்தின் தோல் நிறம் எப்படி மாறுகிறது, 16 வண்ண இஜிஏவில் எப்படி, 256 வண்ண விஜிஏவில் எப்படி என்று வரிசையாக வைத்துக் காட்டுங்கள். குரல்பதிவே தேவைப்படாது.

பெட்டியை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக வருடினால் போதும். முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்குவீர்கள் என்றால் 1200. இல்லாவிட்டால் அச்சுப் புள்ளிகள் அலையலையாக மோதும். பளபளப்புக்கு இரண்டு பக்க விளக்கிலும் போலரைசர் தாள், லென்ஸில் அதற்குக் குறுக்காக இன்னொன்று. பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்காதீர்கள், மடிப்பில் மை உதிரும்.

தெளிநீர்

முகத்தேடல் தளம் பற்றி யாரும் சொல்லவில்லை. என் பதில்: போடாதீர்கள்.

தொழில்நுட்பக் காரணம் முதலில். உங்களிடம் இருப்பது அச்சுப் புள்ளிகளால் ஆன, ஒப்பனை செய்த, முப்பத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட படம். அந்தத் தளங்கள் ‘இவர்தான்’ என்று சொல்வதில்லை, கோடிக்கணக்கான படங்களில் நெருக்கமானவற்றை அடுக்கித் தருகின்றன. உண்மையான ஆள் அந்தக் குவியலில் இல்லாவிட்டாலும் முதலிடத்தில் யாராவது இருந்தே தீருவார். கறுப்பினப் பெண் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2018-ல் ஜாய் பூலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், விற்பனையில் இருந்த முகப் பகுப்பாய்வு மென்பொருள்கள் கருமை நிறப் பெண்களின் பாலினத்தைக் கணிப்பதிலேயே 34.7 சதவீதம் வரை தவறின. அது பாலினக் கணிப்பு, அடையாளம் காண்பது அல்ல. ஆனாலும் எந்த முகங்களில் இந்தக் கருவிகள் தடுமாறுகின்றன என்பதைக் காட்டுகிறது. தவறாகக் கிடைத்த ஒருவரின் வீட்டுக்கு நீங்கள் கடிதம் போட்டால் அவர் வாழ்க்கையில் தேவையில்லாத ஒரு நாள் புகுந்துவிடும்.

மற்ற காரணம், நீங்கள் ஏற்றும் படம் அங்கேயே தங்கலாம். அதற்குப் பிறகு அதே வழியில் யாரும் அவரை அடையலாம். மென்பொருளின் பெயரைக்கூட இங்கே சொல்லாத நீங்கள் அதைச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நாடாச்சுருள்

நன்றி, முகத்தேடலை விட்டுவிட்டோம். வணிகச்சின்னக் கோப்பைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. அனுமதி விஷயத்தையும் அவரை அணுகும் முறையையும் யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா?

உரிமைக்குறிப்பு

இரண்டு உரிமைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்டிப் படத்தின் காப்புரிமை நிறுவனத்திடமோ புகைப்படக்காரரிடமோ இருக்கும். முகத்தின் உரிமை அந்தப் பெண்ணுடையது.

காப்புரிமைக்கு அமெரிக்கச் சட்டத்தின் 107-ம் பிரிவு, அனுமதி இல்லாமலே ஓரளவு பயன்படுத்த விடும் நியாயப் பயன்பாடு. 2005-ல் ஆவணப்படக்காரர்களின் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நடைமுறை அறிக்கை ஒன்று உண்டு, படித்துவிடுங்கள். சுருக்கம் இதுதான்: பெட்டியைப் பற்றிப் பேசும்போது பெட்டியைக் காட்டலாம், பேச்சுக்குத் தேவையான நேரம் மட்டும். அழகுக்காகப் பின்னணியில் ஓடவிட்டால் அந்த வாதம் நிற்காது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரக்குறியும் அங்கே அது ஏன் தேவை என்று ஒரு வரியும் எடிட்டிங்கின்போதே எழுதிவாருங்கள். விநியோகஸ்தர்கள் கேட்கும் பிழை-விடுபாடு காப்பீட்டுக்கு (படத்தின் மேல் வழக்கு வந்தால் காக்கும் காப்பீடு) வழக்கறிஞரின் கருத்துக் கடிதம் தேவைப்படும், அவர் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான். வழக்கமான காப்பீட்டு அளவு ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 30 லட்சம்.

முகத்துக்கு மாநிலச் சட்டங்கள். கலிஃபோர்னியாவின் சிவில் சட்டம் 3344 அனுமதியில்லாமல் ஒருவரின் உருவத்தைப் பொருளிலோ விளம்பரத்திலோ பயன்படுத்துவதைத் தடுக்கிறது, குறைந்தபட்ச இழப்பீடு 750 டாலர். செய்திக்கும் பொது விவகாரத்துக்கும் அதில் விலக்கு உண்டு. படத்துக்குள் முகத்தைக் காட்டுவது இந்த விலக்குக்குள் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றால் நிறுவனம் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். போஸ்டரில் போடுவதையும் வழக்கறிஞரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். நியூயார்க்கில் சிவில் உரிமைச் சட்டம் 50, 51.

தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்வதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவரோடு பேசினால் இருதரப்புச் சம்மதமும் வேண்டும், தண்டனைச் சட்டம் 632. பதிவைத் தொடங்கியதும் முதல் வாக்கியமாகச் சம்மதத்தைக் கேட்டு, பதிலையும் பதிவாக்குங்கள்.

தெளிநீர்

அணுகும் முறைக்கு வருகிறேன். மறக்கப்பட்ட எல்லா முகமும் கண்டுபிடிக்கப்படக் காத்திருப்பதில்லை.

எனியாக் கணினியின் 1946 படங்களில் நின்ற பெண்கள் இயந்திரத்தைக் காட்ட வந்த மாடல்கள் என்றே பின்னாளில் எண்ணப்பட்டார்கள். காத்தி கிளைமன் தேடிப்போனபோதுதான் அவர்களே அதன் நிரலாளர்கள் என்பது பலருக்குத் தெரிந்தது: கே மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். அங்கே தேடல் பறிக்கப்பட்ட பெயரைத் திருப்பித் தந்தது. சிரியின் முதல் அமெரிக்கக் குரலான சூசன் பென்னட், 2005-ல் பதிவுசெய்த குரல் 2011-ல் ஐஃபோனில் வந்த பிறகு, 2013-ல் தானே முன்வந்து சொன்னார். லீனா ஃபோர்சனின் படம் 1973 முதல் படச்செயலாக்க ஆய்வுகளில் சோதனைப் படமாகச் சுற்றியது. கடைசியில் அதை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் 1 முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை. ஆக, ஒருவருக்குப் பெயர் வேண்டும், இன்னொருவருக்கு நேரம் தன் கையில் வேண்டும், வேறொருவருக்குப் படம் நிற்க வேண்டும். உங்கள் பெட்டியில் இருப்பவர் எந்த வகை என்று அவர்தான் சொல்ல முடியும்.

அதனால் தேடல் தொடங்கும் முன்பே இரண்டு கதைச்சுருக்கம் எழுதுங்கள், அவர் பேசும் படம் ஒன்று, பேசாத படம் ஒன்று. இரண்டாவது 50 நிமிடம் தாங்காது என்றால் இன்னும் படம் தயாராகவில்லை. தாங்காத நிலையில் கிளம்பும் குழு, படப்பிடிப்பு நாள் நெருங்க நெருங்க அவர் வீட்டு வாசலில் கேமராவோடு நிற்கத் துணிந்துவிடும். காகிதத்தடம் சொன்ன ஒப்பந்தம், வணிகச்சின்னம், கைமாறிய சொத்துப்பட்டியல் ஆகியவற்றாலேயே அந்த இரண்டாவது படம் நிற்கும், குற்றம் சாட்ட வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

முகவரி கிடைத்தால் ஒரு பக்கக் கடிதம், மூடிய உறையில். உறைக்கு வெளியே படத்தின் பெயரோ மென்பொருளின் பெயரோ கூடாது; வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்கள் யார், எதைக் கண்டுபிடித்தீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று எழுதுங்கள். வழிகள் மூன்று கொடுங்கள்: கேமரா முன் பேசலாம், முகமும் பெயரும் இல்லாமல் பேசலாம், வேண்டாம் எனலாம். பதிலை உங்களுக்கு நேரே அனுப்பாமல் ஒரு வழக்கறிஞர் வழியாகவோ அவர் நம்பும் பழைய சகபணியாளர் வழியாகவோ அனுப்ப வசதி செய்யுங்கள். எட்டு வாரம் பதில் இல்லையென்றால் இன்னொரு கடிதம், தபால் தொலைந்திருக்கலாம் என்பதற்காக மட்டும். அதற்கும் மௌனம் என்றால் அது மறுப்பு. பிள்ளைகளையோ, வேலை இடத்தையோ, சமூக ஊடக நண்பர்களையோ தொடாதீர்கள்.

அவர் சம்மதித்தால், கையெழுத்துப் படிவத்தில் எந்தக் காட்சியையும் இறுதி வெட்டுக்கு முன் பார்த்து நீக்கச் சொல்லும் உரிமையைச் சேருங்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாக இதைத் தரமாட்டார்கள். ஒருமுறை தன் முகம் எங்கே போகிறது என்று தெரியாமல் கையெழுத்திட்டவருக்கு இதைத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டணமும் கொடுங்கள், அது பேட்டிக்கான விலையாகத் தெரியாமல், அவர் கொண்டுவரும் புகைப்படங்களுக்கான உரிமத் தொகையாகத் தனி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

மூன்றாம்கண்

மேலே சொன்னதோடு ஒரு எடிட்டிங் விஷயம். தேடும் காட்சிகளில் கணினித் திரையும் ஆவணங்களும் ஃபிரேமில் வரும், அவற்றில் முகவரியும் கையெழுத்தும் இருக்கும். மொசைக் போடாதீர்கள், நகரும் ஷாட்டில் பல ஃபிரேம்களைச் சேர்த்துக் கணித்து மீட்கச் சாத்தியம் உண்டு. நிறைந்த கறுப்புப் பெட்டியால் மூடுங்கள். மூடிய பிரதியைத் தனியாக ரெண்டர் செய்து, எடிட்டர், வண்ணம், வசனத்தலைப்பு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் அதை மட்டும் கொடுங்கள். மூலக் காட்சிகள் மறையாக்கிய (என்கிரிப்ட் செய்த) இரண்டு டிரைவில், வெவ்வேறு இடத்தில். ஒலியை மறக்க வேண்டாம்: படத்தை மூடிவிட்டு, ‘இதோ பெயர் கிடைத்துவிட்டது’ என்று குழுவில் ஒருவர் உரக்கப் படிப்பதை டைம்லைனில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இறுதிக் கலவைக்கு முன் ஒருமுறை திரையை அணைத்துவிட்டு முழுப் படத்தையும் காதால் மட்டும் கேளுங்கள். வசனத்தலைப்புக் கோப்பிலும் பெயரைத் தேடிப் பாருங்கள், தானியங்கி எழுத்தாக்கத்தில் அது தங்கியிருக்கும்.